கிணற்றுச் சுவரைப் பார்த்துப் பெரணி நடுங்கள்

எங்கள் வீட்டுக் கிணறு கருங்கல் அடுக்கிக் கட்டிய பழைய கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீருக்கு முன்னால் பெரணிதான், ஃபெர்ன் என்கிறோமே அதுதான், கண்ணில் படும். கல் இடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து, கறுப்புக் கம்பி மாதிரி காம்பும் மல்லித்தழை மாதிரி இலையுமாக. யாரும் நட்டதில்லை, யாரும் உரம் போட்டதில்லை. நான் காசு கொடுத்து வாங்கிவந்து முற்றத்தில் வைத்த பெரணியெல்லாம் ஒரு சித்திரையில் வரிசையாகக் கருகிக்கொண்டிருந்தபோது, பத்தடி தள்ளி இந்தக் கிணற்றுக்குள் இது மட்டும் தளதளவென்று நின்றது. வாளியை இறக்கிக்கொண்டே சித்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "போனப் பாத்தது போதும்ல. இதப் பாரு, இது எங்க நிக்குன்னு பாரு."

அதற்குப் பிறகுதான் எனக்குப் பெரணி வளர்க்க வந்தது. பெரணி தானாக முளைத்து நிற்கிற இடம் எது, அங்கே என்ன இருக்கிறது, அதை நம் முற்றத்துக்கு எப்படிக் கொண்டுவருவது. நான் எழுதப்போவது முழுக்க இதுதான்.

நாங்கள் இருப்பது செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில். மேற்கே பார்த்தால் மலை, மலை நடுவில் ஆரியங்காவுக் கணவாய், அதற்கு அந்தப் பக்கம் கேரளம். 1956 வரைக்கும் இந்த ஊரே திருவிதாங்கூர்தான், அதனால் பேச்சில் பாதி அங்கத்துச் சொல். பக்கத்து வீட்டு சேச்சிக்குத் தாய்வீடு புனலூர், அவர் இதைப் பன்னல் என்பார். பாடப்புத்தகத்தில் பெரணி. நர்சரியில் போய்ப் பெரணி என்று கேட்டால் முழிப்பார்கள், ஃபெர்ன் என்றே கேளுங்கள். ஆனால் அங்கே ஆஸ்பராகஸ் ஃபெர்ன் என்று ஊசி ஊசியாக இலை வைத்த ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள், அது பெரணியே இல்லை. நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தக்காரன், பூக்கும், காய்க்கும், வெயிலும் தாங்கும். நல்ல செடிதான், வாங்கலாம், ஆனால் நான் சொல்கிற கவனிப்பு அதற்கு வேண்டாம்.

முதலில் ஹார்டி ஃபெர்ன் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். இணையத்தில் தேடினால் வருகிற பட்டியல்கள் இங்கிலாந்து, அமெரிக்காவின் வடபகுதி மாதிரியான குளிர் நாட்டுப் பட்டியல்கள். மண் உறைந்து கல்லாகிற குளிர்காலத்தைத் தாங்கி, வசந்தம் வந்ததும் மறுபடி துளிர்க்கிற செடிக்கு அங்கே ஹார்டி என்று பெயர். ஆஸ்ட்ரிச் ஃபெர்ன், வெள்ளிப் பூச்சும் சிவப்பு நரம்புமாக அழகாக இருக்கும் ஜப்பானிய பெயின்டட் ஃபெர்ன் எல்லாம் அந்த வகை. அவை வருடத்தில் சில மாதம் குளிரில் உறங்கி எழுந்து பழகியவை. நம் பக்கம் அந்தக் குளிர் எங்கே இருக்கிறது? நான் வேர்க்கட்டையாக வரவழைத்த இரண்டு செடியும் சாரல் மாதத்தில் துளிர்த்தன, நானும் சந்தோஷப்பட்டேன், அடுத்த கோடையில் இரண்டும் அழுகிப்போயின. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு உயரத்தில் வீடு உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம். மலையடிவாரத்தில் இருக்கிற நமக்குத் தாக்குப்பிடிக்கிற செடி என்றால் வேறு கணக்கு: பங்குனி முதல் வைகாசி வரை வெக்கை, ஆடிக் காற்று, போர் தண்ணீரின் உப்பு. இந்த மூன்றையும் தாங்கினால் அதுதான் இங்கே ஹார்டி.

சரி, கிணற்றுக்கு வருவோம். அங்கே மேலேயிருந்து வெளிச்சம் வருகிறது, ஆனால் உச்சிவேளையில் கொஞ்ச நேரம் தவிர நேர் வெயில் விழாது. உள்ளே காற்று அடிக்காது, ஈரம் அப்படியே தங்கி நிற்கும். வேர் கல்லிடுக்கில் இருப்பதால் எப்போதும் நனைந்திருக்கும், ஆனால் தண்ணீர் அதில் தேங்கவே தேங்காது. பெரணி கேட்பது இவ்வளவுதான். நாம் பெரும்பாலும் நிழலை மட்டும் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறோம், அப்புறம் செடி ராசியில்லை என்கிறோம்.

நிழலிலும் ஒரு ஏமாற்று உண்டு. வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல், அங்கே பெரணி வை என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். அதுவும் குளிர் நாட்டு அறிவுரைதான். அங்கே சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்து போகும். நம் ஊர் ஏறக்குறைய 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற நாளையொட்டிச் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சிப்பொழுதில் அது நமக்கு வடக்கேதான் நிற்கும். அதாவது கார்த்திகை, மார்கழியில் நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வடக்குச் சுவர் நிழலில், சரியாகச் செடிக்கு உயிர் போகிற ஏப்ரல், மே மாதத்தில் வெயில் வந்து உட்காரும். சுவரை ஒட்டி இரண்டடிக்குள், ஓட்டுச் சாய்ப்பின் கீழே இருப்பது உச்சி வெயிலுக்குத் தப்பும், மூன்றாவது அடியில் இருப்பது கருகும். ஆனால் காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழுகிற வெயில் அந்த இரண்டடியையும் தொடும். நான் வரிசையாகக் கருகவிட்டேன் என்றேனே, அது இந்த வடக்குச் சுவரில்தான். ஜூன், ஜூலையில் சாரல் மேகம் இருப்பதால் நமக்குப் பிரச்சினை இல்லை, ஏப்ரல் நடுவிலிருந்து மே முடிய அந்த ஆறேழு வாரம்தான் கண்டம்.

அதனால் இடம் பார்க்கிற வேலையைச் சித்திரையில் செய்யுங்கள். காலை ஒன்பது, உச்சி, மாலை நாலு, மூன்று வேளையும் முற்றத்தைச் சுற்றி வந்து நிழல் எங்கே என்று சுண்ணாம்பால் கோடு போட்டு வையுங்கள். கிழக்குப் பார்த்த இடம், ஒன்பது மணி வரை இளவெயில், அதற்கப்புறம் வீட்டு நிழல் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. மேற்குப் பார்த்த சுவரைத் தொடவே வேண்டாம், மதிய வெயிலைக் குடித்த சுவர் ராத்திரி எட்டு மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். தென்னந்தோப்பு நிழல் அருமையான நிழல், வெளிச்சம் சல்லடையில் சலித்த மாதிரி விழும். மட்டையும் தேங்காயும் விழுகிற வட்டத்தை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். மாமரத்தடியில் தரையில் நட்டால் மர வேர் வந்து எல்லா ஈரத்தையும் உறிஞ்சிவிடும், அங்கே தொட்டியில் வைத்துத் தொட்டிக்கு அடியில் நாலு கல் கொடுத்து உயர்த்திவிடுங்கள். கும்மிருட்டும் ஆகாது. ஒரு புத்தகத்தைக் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிற அளவு வெளிச்சம் வேண்டும்.

காற்றைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கணவாய் வழியாக ஜூனில் கிளம்புகிற காற்று ஆவணி வரை நிற்காது, ஆடியில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பேச்சில்லை. சாரல் அடிக்கிறதே, ஈரம்தானே என்று நினைப்போம். சாரல் இரண்டு நாள் விட்டுவிட்டுக் காற்று மட்டும் அடித்தால் மெய்டன்ஹேர் மாதிரியான மெல்லிய இலை மதியத்துக்குள் காகிதமாகிவிடும். மேற்குப் பக்கம் ஒரு தடுப்பு கட்டாயம் வேண்டும். மதில், மூங்கில் தட்டி, தென்னங்கீற்றுப் படல், வரிசையாக வைத்த வாழை எதுவானாலும் சரி. காற்றை முழுக்க அடைக்க வேண்டியதில்லை, அதன் வேகத்தை உடைத்தால் போதும். இந்த விஷயத்தில் கீற்றுப்படல் மதிலைவிட நல்லது. மதிலில் மோதுகிற காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழித்து இறங்கும், படலில் வடிகட்டித் தணிந்து வரும்.

மண். வயல் களிமண்ணைக் கொண்டுவந்து போடாதீர்கள், பெரணியின் வேர் மயிரிழை மாதிரி மெல்லியது, களிமண்ணில் மூச்சு விட முடியாமல் அழுகும். நான் கலக்குகிற கணக்கு: மக்கிய இலை இரண்டு சட்டி, கழுவிய தேங்காய் நார்த்தூள் ஒரு சட்டி, செம்மண் ஒரு சட்டி, பெருமணலும் உடைத்த செங்கல்லும் கலந்து ஒரு சட்டி, மண்புழு உரம் அரைச் சட்டி, அடுப்புக் கரித்துண்டு இரண்டு கை. கலந்ததை நனைத்துக் கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் இன்னும் செங்கல் துண்டு போடுங்கள். நார்த்தூளைக் கழுவிய என்று எழுதியிருப்பதை வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள். அதில் உப்பு ஏறியிருக்கும். வாளியில் முக்கி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் பழைய துணியில் கட்டித் தொங்கவிட்டுப் பிழிந்து, இப்படி மூன்று தடவை செய்தால் கொடுக்கிற உப்பெல்லாம் கொடுத்துவிடும். இலை மக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். காற்று மாதத்தில் பலா, மா, தேக்கு இலை எவ்வளவு விழுகிறது! மூலையில் செங்கல் அடுக்கி வட்டமாக ஒரு தொட்டி மாதிரி கட்டி, இலையைக் கொட்டி, நடுநடுவே கொஞ்சம் சாணித் தண்ணீர் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வருடத்தில் கறுப்பாக, காட்டு வாசனையோடு எடுக்கலாம்.

தரையில் நடுகிறவர்கள் கிணற்றைக் காப்பியடியுங்கள். முக்கால் அடி உயரத்துக்கு மேடு போட்டு, மேட்டுக்குள்ளேயே தலையளவு கருங்கற்களை அரைவாசி புதைத்து, கல்லும் கல்லும் சேர்கிற இடுக்கில் செடியை வையுங்கள். கல்லடியில் மண் எப்போதும் குளுமை, வேர் அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், மழை கொட்டினாலும் தண்ணீர் வடிந்துவிடும். என் முற்றத்தில் சமமான தரையில் வைத்ததற்கும் கல்லிடுக்கில் வைத்ததற்கும் ஒரே கோடையில் வித்தியாசம் தெரிந்தது.

இப்போது எதை வளர்ப்பது என்று பார்ப்போம். பழகுகிறவர்கள் நெஃப்ரோலெபிஸில் தொடங்குங்கள். நர்சரியில் ஸ்வோர்ட் ஃபெர்ன் என்பார்கள், நேராக நிற்கும், இரண்டு பக்கமும் ஏணிப்படி மாதிரி இலை. இதில் கார்டிஃபோலியா என்ற வகைக்கு மண்ணுக்குள் சுண்டைக்காய் அளவு உருண்டைக் கிழங்குகள் உண்டு, தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிற கிழங்கு. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் மன்னிக்கிற செடி இதுதான். அதே குடும்பத்தில் தொங்குகிற போஸ்டன் ஃபெர்ன் திண்ணைக்கு அழகு, ஆனால் காற்று பட்டால் இலை நுனி பழுக்கும். நெஃப்ரோலெபிஸ் எதுவானாலும் தரையில் விட்டால் ஓடுதண்டு விட்டுப் பக்கத்துப் பாத்தியைப் பிடித்துவிடும், அடி உடைந்த சிமெண்டுத் தொட்டியை மண்ணில் புதைத்து அதற்குள் நடுங்கள்.

அடுத்தது பேர்ட்ஸ் நெஸ்ட், பறவைக்கூடு மாதிரி அகல இலை வட்டமாக விரியும் அஸ்பிளேனியம். ஒன்று இருந்தாலே முற்றம் நிறைந்த மாதிரி இருக்கும். இது மரத்தில் ஒட்டி வளர்கிற செடி, ஒட்டுண்ணி இல்லை, மரத்தைச் சாப்பிடாது, கூட்டில் விழுகிற சருகுதான் அதற்கு உரம். தொட்டியில் வைத்தால் மண்ணைக் குறைத்துச் செங்கல் துண்டும் கரியும் இலைமக்கும் அதிகமாகப் போடுங்கள், நடுக்குருத்தைக் கையால் தொடாதீர்கள், சுருண்டு எழுகிற இளம் இலை ஒரு தடவை நசுங்கினால் அந்தத் தழும்போடுதான் விரியும். தென்னையில் கட்டி வளர்க்க ஆசைப்பட்டால் ஆணி மட்டும் அடிக்காதீர்கள். காயம் பட்ட தென்னையைச் சிவப்புக் கூன்வண்டு மோப்பம் பிடித்து வந்துவிடும். பழைய சேலைக் கிழிசலில் தேங்காய் நாரை வைத்துச் சுற்றிக் கட்டினால் போதும், ஆறேழு மாதத்தில் அதுவே பற்றிக்கொள்ளும்.

ஸ்டாக்ஹார்ன், மான்கொம்பு மாதிரி கிளைத்துத் தொங்குமே, அது ஆஸ்திரேலியா பக்கத்திலிருந்து வந்தது என்றாலும் நம் வீட்டு நிழலில் நன்றாகவே இருக்கிறது. பலகையில் கட்டித் தொங்கவிட்டு, வாரம் இரண்டு தடவை வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் முக்கி எடுங்கள். அடியில் தட்டு மாதிரி பலகையோடு ஒட்டி வளர்கிற இலை பழுப்பாகிக் காய்வது நோய் இல்லை, அது அப்படித்தான், வேரைக் காக்கிற கவசம் அது, பிய்த்துவிடாதீர்கள். நம் ஊர்ச் செடியிலேயே இந்த வேலையைச் செய்கிற ஒன்று உண்டு, பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் டிரைனேரியா. கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்று சூப்பு வைக்க விற்கிறார்களே, ஆட்டுக்கால் மாதிரி ரோமம் போர்த்திய தண்டு, அதுதான். கோடையில் இலையைப் பூராவும் உதிர்த்துவிட்டு மொட்டையாக இருக்கும், செத்துவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள், முதல் சாரலுக்குத் துளிர்க்கும்.

மெய்டன்ஹேர் என்னும் அடியாண்டம், எங்கள் கிணற்றுக்காரி. எல்லாருக்கும் பிடித்தது, எல்லாரும் சாகடிப்பது. இதற்கு ஈரக்காற்று வேண்டும், ஒரு நாள் வேர் காய்ந்தாலும் இலை சுருண்டுவிடும். அப்படிச் சுருண்டால் கைவிட வேண்டாம், எல்லா இலையையும் மண் மட்டத்துக்கு நறுக்கிவிட்டு நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்தால், அடித்தண்டில் உயிர் இருக்கிற வரை இரண்டு மூன்று வாரத்தில் புதுச் சுருள் எழும். இந்த இனத்தில் பல வகைக்குச் சுண்ணாம்பு பிடிக்கும், பழைய காரைச் சுவர் இடித்த துண்டு கிடைத்தால் உடைத்து மண்ணில் ஒரு கை போடுங்கள். கிணற்றடி, குளியலறைக்கு வெளிப்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கம், இந்த மாதிரி எப்போதும் ஈரம் சொட்டுகிற மூலையில் வையுங்கள், சோப்புத் தண்ணீர் மட்டும் படக்கூடாது.

இலையில் வெள்ளைக் கோடு போட்ட டெரிஸ் வகைகள் தொட்டிக்கு நல்லவை, அதிகம் பேசுவதற்கில்லை. ஆனால் அதே இனத்தில் பழைய மதில் சுவரிலும் பாலத்துக் கட்டையிலும் வெயிலில்கூட நிற்கிற நீள இலை டெரிஸ் விட்டாட்டா ஒன்று உண்டு, அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மண்ணில் இருக்கிற ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்க்கிற சக்தி அதற்கு உண்டு என்று 2001-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். மண்ணைச் சுத்தம் பண்ண அதையே பயன்படுத்துகிறார்கள். வளர்க்கலாம், ஆட்டுக்குப் போட வேண்டாம். பொதுவாகவே பெரணியைச் சாப்பிட்டுப் பார்க்கிற ஆசை வேண்டாம். கேரளத்தில் சுருளி என்று ஒரு பெரணியின் இளங்குருத்தைத் தோரன் வைப்பார்கள், அது அடையாளம் தெரிந்தவர்கள் பறிப்பது. மலையில் வளரும் பிராக்கன் என்ற இன்னொன்றின் குருத்தும் பார்க்க அப்படித்தான் இருக்கும், அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

கேரள எல்லையில் கோட்டைவாசல் தாண்டிப் போகும்போது சாலை வெட்டிய மண்சரிவில் கவட்டை கவட்டையாகப் பிரிந்து புதராகக் கிடக்கும் பெரணியைப் பார்த்து வண்டியை நிறுத்தாதவர்கள் குறைவு. டைக்ரனாப்டெரிஸ் என்று பெயர். அதைப் பிடுங்கிவந்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது, வேர்த்தண்டு தொட்டாலே கோபித்துக்கொள்ளும். அதோடு காப்புக் காட்டிலிருந்து செடி எடுப்பது இரண்டு மாநிலத்திலுமே வனச் சட்டப்படி குற்றம். மரப்பெரணியை எடுக்கவே கூடாது, ஆளுயரம் வளர எத்தனையோ வருடம் ஆகிற செடி அது, உலக அளவில் அதன் வணிகத்துக்கே கட்டுப்பாடு இருக்கிறது. பார்க்க ஆசையாக இருந்தால் தென்மலை, குளத்துப்புழா வழியாகப் பாலோடு போங்கள், அங்கே ஜவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தில் பெரணிகளை நின்று நிதானமாகப் பார்க்கலாம். எந்தச் செடி எந்த மாதிரி ஈரத்தில், எந்த மாதிரி வெளிச்சத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தால் அது நாலு செடி வாங்கினதுக்குச் சமம்.

நடுகிற காலம்: காற்றுத் தடுப்பு நன்றாக இருக்கிற முற்றம் என்றால் ஜூனில் சாரல் பிடித்ததும் நடலாம். தடுப்பு சுமார்தான் என்றால் பொறுங்கள், ஐப்பசி மழையில் நடுங்கள், அதிலிருந்து பங்குனி வரை வேர் பிடிக்க ஐந்து மாதம் கிடைக்கும். தொட்டியிலிருந்து எடுத்த ஆழத்திலேயே நடுங்கள், குருத்துக் கிளம்புகிற நடு மேடு மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும், அதை மூடினால் அழுகும். டிரைனேரியா மாதிரி ஊர்ந்து போகிற தண்டை மண்ணுக்குள் புதைக்கவே கூடாது, மேலாக வைத்து ஒரு கல்லை அணைத்துவிட்டால் தானே பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் காலையில், இலை மேல் பீய்ச்சாமல் மண்ணுக்கு. முடிந்தால் மழைத் தண்ணீர். ஓட்டுத் தாழ்வாரத்தில் ஒரு டிரம் வைத்தால் சாரல் காலத்தில் நிரம்பிக்கொண்டே இருக்கும். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதைக் கவனியுங்கள், இலை நுனி பழுப்பது பெரும்பாலும் அந்த உப்பால்தான். மாதம் ஒரு தடவை தொட்டி அடியில் வடிந்து ஓடுகிற அளவு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் ஸ்பிரேயரால் இலையை நனைப்பது பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், அதற்குப் பதில் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் தரையை, செங்கல்லை, கல்லை நனையுங்கள், அந்த ஈரம் ஆவியாகிச் செடியைச் சுற்றி நிற்கும். தொட்டிகளைத் தனித்தனியாக வைக்காமல் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற மாதிரி கூட்டி வையுங்கள். 75 சதவீத நிழல்வலையை இலையைத் தொடாமல் இரண்டடி உயரத்தில் கட்டுங்கள், சாரல் வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் செடி வெளிறி நீண்டுவிடும். காய்ந்த பழைய இலையைக் கோடைக்கு முன் சுத்தம் செய்ய எனக்கும் கை துறுதுறுக்கும், ஆனால் விட்டுவிடுங்கள், குருத்துக்கு அதுதான் குடை. முதல் மழைக்கு நறுக்கலாம்.

உரம் கொஞ்சம் போதும். கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை ஒன்றுக்குப் பத்து கலந்து, மழை மாதங்களில் மாதம் ஒரு தடவை. கோடையில் எதுவும் வேண்டாம். யூரியாவைக் கையால் தூவினால் வேர் கருகும்.

இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள் தெரிந்தால் பதறி மருந்து அடிக்காதீர்கள். பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை, அந்தப் பொட்டில் இருக்கிற தூள்தான் அதன் வித்து. செதில் பூச்சியும் பழுப்பாகத்தான் இருக்கும், வித்தியாசம் இதுதான்: வித்துப் பொட்டு இலையின் அடியில் ஒரே இடைவெளியில், ஒரே ஒழுங்கில் இருக்கும். பூச்சி காம்பிலும் நரம்பிலும் தாறுமாறாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சேச்சி வீட்டில் நல்ல பேர்ட்ஸ் நெஸ்ட் ஒன்று இப்படித்தான் போனது. "நான் பூச்சியாணென்னு கருதி முழுக்கத் தொடச்சேன் மோனே, பின்னே மருந்தும் அடிச்சேன்" என்று அவர் இன்றைக்கும் வருத்தப்படுவார். பெரணி இலைக்குப் பூச்சிமருந்தும் எண்ணெயும் ஆகாது. வேப்பெண்ணெய்கூட லிட்டருக்கு 2 மில்லிக்கு மேல் வேண்டாம், அதையும் ஒரு இலையில் அடித்து மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றதுக்கு அடியுங்கள். பூச்சி குறைவாக இருந்தால் பழைய பல்துலக்கியும் தண்ணீரும் போதும். சாரல் மாதத்தில் நத்தை வரும், குருத்தை ஒரே ராத்திரியில் முடித்துவிடும். உப்பைப் பாத்தியில் தூவக்கூடாது, நத்தையோடு செடியும் போகும். சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து அதன் அடியில் பப்பாளி இலை வைத்து, டார்ச் எடுத்துப்போய்ப் பொறுக்கி, வாளியில் உப்புத் தண்ணீரில் போடுங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தை என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பெருக்குவதற்கு எளிய வழி பிரிப்பதுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஐப்பசியில் தொட்டியைக் கவிழ்த்து, கூர்மையான கத்தியால் ஒவ்வொரு பங்கிலும் நாலு இலையும் ஒரு கைப்பிடி வேரும் இருக்கிற மாதிரி வெட்டி, இலையைப் பாதி நறுக்கி நட்டுவிட்டு, மூன்று வாரம் ஆழ்ந்த நிழலில் வையுங்கள்.

வித்துத் தூளிலிருந்து வளர்ப்பது பொறுமைக்காரர்களுக்கு, ஆனால் எனக்கு இதில்தான் உயிர். 1829-ல் லண்டனில் வார்டு என்ற மருத்துவர் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். பூச்சிக்காக வைத்த புட்டியில் ஒரு பெரணி முளைத்து நின்றது. லண்டன் புகையில் அவர் தோட்டத்தில் வராத பெரணி மூடிய புட்டியில் வந்தது. நாம் செய்வதும் அதேதான். பழுப்பேறிய பொட்டுள்ள இலையை வெள்ளைக் காகிதத்தில் மடித்து வைத்தால் இரண்டு நாளில் தூள் கொட்டும். கழுவிய நார்த்தூளை ஒளி ஊடுருவும் மூடி போட்ட டப்பாவில் இரண்டு அங்குலம் நிரப்பி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி மூடி, ஆறவிடுங்கள். பாசியும் பூஞ்சையும் முந்திக்கொள்ளாமல் இருக்க இது அவசியம். ஆறியதும் தூளை மெல்லிசாகத் தட்டிவிட்டு மூடி, வெயில் படாத சன்னலோரம் வையுங்கள், மண் போட்டு மூட வேண்டாம். மூன்று முதல் ஆறு வாரத்தில் பச்சைப் படலம், அப்புறம் நகத்தளவு இதய வடிவத் தகடுகள். அந்தத் தகட்டில்தான் ஆணும் பெண்ணும் சேர வேண்டும், சேருவதற்கு மேலே மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். எனவே இந்தக் கட்டத்தில் வாரம் ஒரு தடவை கொதித்து ஆறிய தண்ணீரை மெதுவாகத் தெளியுங்கள். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் தகட்டின் நடுவிலிருந்து முதல் குட்டி இலை எழும். ஒரு அங்குலம் வந்ததும் மூடியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்கி, கொத்துக் கொத்தாகச் சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள், ஒவ்வொன்றாகப் பிரிக்கப் போனால் வேர் அறும்.

கிணற்றுச் செடியின் தூளைப் போட்ட டப்பாவிலிருந்து எனக்கு ஒன்பது கொத்து கிடைத்தது. மூன்று சேச்சி வீட்டுப் பாத்திரம் கழுவுகிற திண்டுக்குப் பின்னால் இருக்கிறது. மீதியைக் கிணற்றின் வெளிச்சுவரில், துலாக்கல்லுக்குக் கீழே காரை உதிர்ந்த இடுக்குகளில் நார்த்தூளோடு சேர்த்துத் திணித்தேன். வாளியில் சொட்டுகிற தண்ணீர் அதற்குப் போதுமாக இருக்கிறது.